லோடர் பிரேக் அக்குமுலேட்டர்: அறிகுறியை வைத்துப் பழுது பார்ப்பதும் நைட்ரஜன் ஏற்றுவதும்

குவாரி லோடரில் பிரேக் அழுத்த விளக்கு எரிந்தது என்றால் பல இடங்களில் அடுத்து நடப்பது ஒன்றுதான். பிரேக்குக்கு எண்ணெயை அழுத்தத்தோடு சேர்த்து வைக்கும் அக்குமுலேட்டர் உருளையில் ஏற்ற, யாராவது போய் நைட்ரஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவார்கள், "கேஸ் இறங்கியிருக்கும், கொஞ்சம் ஏத்தி விட்டுப் பாப்போம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேஸ் குறைந்தாலும் அந்த விளக்கு எரியும், கேஸ் கூடிப்போனாலும் எரியும், கேஸ் சரியாகவே இருந்து எண்ணெய் வேறெங்கோ கசிந்தாலும் எரியும். மூன்றுக்கும் ஆபரேட்டர் சொல்லும் புகார் ஒன்றே: "ரெண்டு மிதிக்கு மேல பிரேக் நிக்கல." அளக்காமல் ஏற்றுகிறவர் இந்த மூன்றில் ஒன்றைச் சரிசெய்யலாம், இன்னொன்றை இருப்பதைவிட மோசமாக்கிவிடவும் செய்வார்.

இங்கே எழுதுவது முழு ஹைட்ராலிக் பிரேக் உள்ள வீல் லோடரை மனதில் வைத்து. மோட்டார் கிரேடரிலும் ஆர்ட்டிகுலேட்டட் டம்பரிலும் அமைப்பு பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கும். அழுத்த எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், அதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வண்டியில் எவ்வளவு ஏற்றினோம் என்பது எதற்கும் உதவாது. காற்றில் பிரேக் பிடிக்கும் பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது.

அக்குமுலேட்டருக்குள் இருப்பது சிக்கலான சமாச்சாரம் இல்லை. கெட்டியான எஃகு உருளை, ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஹைட்ராலிக் எண்ணெய், நடுவில் பிஸ்டனோ ரப்பர்ப் பையோ டயஃப்ரமோ (வளையும் ரப்பர்த் தடுப்பு). எண்ணெய்ப் பக்கம் அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது கேஸ் பக்கம் காட்டும் அழுத்தம்தான் ப்ரீசார்ஜ். இஞ்சின் நின்றாலும் பம்ப் உடைந்தாலும் வண்டியை நிறுத்தச் சில மிதிகளுக்கு வேண்டிய எண்ணெயை அழுத்தத்தோடு சேர்த்து வைத்திருப்பது இதன் வேலை.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம், அப்போதுதான் கேஸ் கூடினாலும் ஏன் பயப்பட வேண்டும் என்று புரியும். கேஸ் கொள்ளளவு 4 லிட்டர், ப்ரீசார்ஜ் 60 பார் (bar, அழுத்த அலகு), பம்ப் எண்ணெயை அக்குமுலேட்டருக்குள் விடும் சார்ஜிங் வால்வ் 150 பாரில் நிரப்புவதை நிறுத்துகிறது, எச்சரிக்கை விளக்கு 90 பாரில் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காக எடுத்த எண்கள், எந்த மாடலுடையதும் அல்ல). வெப்பநிலை மாறவில்லை என்றால், 150 பாரிலிருந்து 90 பாருக்கு இறங்குவதற்குள் சுமார் ஒரு லிட்டர் எண்ணெய் பிரேக்குக்குக் கிடைக்கும். விளக்கு எரிந்த பிறகும் 1.3 லிட்டர் கையிருப்பு இருக்கும். கேஸ் கசிந்து ப்ரீசார்ஜ் 20 பாராகிவிட்டால் விளக்கு எரிவதற்குள் கிடைப்பது 0.37 லிட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சரி, தாராளமாக ஏற்றி 110 பார் ஆக்கிவிட்டால்? விளக்கு எரிவதற்குள் அதே ஒரு லிட்டர் கிடைக்கும், ஓட்டுகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் 110 பாரிலேயே எண்ணெய் தீர்ந்துவிடும், விளக்கு எரிகிற நேரத்தில் உள்ளே ஒரு சொட்டு இருக்காது. 145 பார் வரை ஏற்றிய வண்டியில் மொத்தமே 0.13 லிட்டர்தான் நிற்கும்.

கை வைப்பதற்கு முன்

சமதளத்தில் நிறுத்துங்கள். பக்கெட்டைத் தரையில் இறக்கி, நடு மூட்டுக்கு லாக் பார் போட்டு, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பார்க்கிங் பிரேக்கை ஸ்பிரிங் பிடிக்கும், எண்ணெய் அழுத்தம் விடுவிக்கும், அதனால் அழுத்தம் போனால் வண்டி நின்றுவிடும் என்று தைரியம் சொல்வார்கள். தேய்ந்த பேடை ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, கட்டையை மறக்க வேண்டாம். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்டீயரிங்கில் ஓர் அட்டையையும் தொங்கவிடுங்கள்.

அடுத்து எண்ணெய் அழுத்தத்தைப் பூஜ்யமாக்க வேண்டும். இஞ்சின் நின்ற நிலையில் பெடலை முழுதாக மிதித்து மிதித்து விடுங்கள், மேனுவல் சொல்லும் எண்ணிக்கைக்குக் குறையாமல். சில வண்டிகளில் டேங்குக்கு வடிக்கத் தனி வால்வே இருக்கும். பெடல் மெத்தென்று ஆனதை வைத்து முடிவு கட்ட வேண்டாம், கேஜில் பூஜ்யம் தெரிய வேண்டும். இன்னொரு விஷயம், பிரேக் அழுத்தம் இறங்கியதால் வண்டி முழுக்க அழுத்தம் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. குலுக்கலைக் குறைக்க பூம் லைனில் இருக்கும் ரைடு கண்ட்ரோல் அக்குமுலேட்டர், பைலட் லைனில் ஒன்று, அவசர ஸ்டீயரிங்குக்கு ஒன்று என்று மாடலைப் பொறுத்து வேறு உருளைகளும் பக்கத்திலேயே இருக்கும், பார்க்க ஒன்று போலவே இருக்கும். எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று கையால் தொடர்ந்து பார்த்துவிட்டு ஸ்பானரை எடுங்கள்.

ஏற்றுவது உலர்ந்த நைட்ரஜன் மட்டுமே. ஆக்ஸிஜன் எண்ணெயோடு அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும், இதில் "கொஞ்சமாக" என்ற பேச்சே இல்லை. கம்ப்ரசர் காற்றிலும் ஆக்ஸிஜன் இருக்கிறது, கூடவே ஈரமும். இந்தியாவில் நைட்ரஜன் சிலிண்டர் சாம்பல் நிற உடலும் கறுப்புக் கழுத்துமாக இருக்கும், ஆக்ஸிஜன் கறுப்பு உடலும் வெள்ளைக் கழுத்துமாக. வெல்டிங் ஷெட்டில் இரண்டும் ஒரே சுவரில் சாய்ந்து நிற்கும், பெயின்ட் உரிந்தும் கிடக்கும், அதனால் நிறத்தோடு லேபிளையும் படியுங்கள். ரெகுலேட்டர் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்து விடுவது) சிலிண்டரில் பொருந்தவில்லை என்று அடாப்டர் தேட ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், அது தவறான சிலிண்டராக இருக்கலாம்.

இஞ்சினை நிறுத்தினால் இரண்டு மூன்று மிதியிலேயே விளக்கு எரிகிறது

அதிகம் வரும் புகார் இது. கேஸ் கிட் (கேஸ் வால்வில் மாட்டி அளக்கவும் ஏற்றவும் உதவும் கேஜும் ஹோஸும்) எடுக்காமலேயே எண்ணெய்ப் பக்கத்திலிருந்து ப்ரீசார்ஜைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, நான் எப்போதும் முதலில் செய்வது அதைத்தான்.

அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது அக்குமுலேட்டர் டெஸ்ட் போர்ட்டில் கேஜை மாட்டுங்கள். முன், பின் ஆக்ஸிலுக்குத் தனித்தனி அக்குமுலேட்டர் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று செத்திருப்பது சகஜம். இஞ்சினை ஸ்டார்ட் செய்து, சார்ஜிங் வால்வ் நிரப்பி முடிக்கும்வரை விட்டு, நிறுத்துங்கள். இப்போது பெடலை ஒருமுறை மிதித்து விட்டு, சில விநாடி பொறுத்து, முள் எங்கே நிற்கிறது என்று குறித்து, மறுபடி மிதியுங்கள். முள் படிப்படியாக இறங்கிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் படிப்படி எல்லாம் போய் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு விழும். விழுவதற்கு முன் கடைசியாக நின்ற எண்தான் ஏறக்குறைய ப்ரீசார்ஜ். ஸ்டார்ட் செய்யும்போது தலைகீழாக அதே விஷயம் தெரியும்: முள் முதலில் ஒரே குதியில் ப்ரீசார்ஜ் எண்ணுக்குப் போய், அங்கிருந்து மெதுவாக ஏறும்.

மேனுவல் எண்ணைவிட மிகவும் கீழே விழுந்தால் கேஸ் குறைவு, மேலேயே விழுந்தால் கேஸ் அதிகம். முதல் மிதியிலேயே 150-லிருந்து நேராகப் பூஜ்யம் என்றால் கவனம்: கேஸ் சுத்தமாக இல்லாமல் போயிருக்கலாம், அல்லது எண்ணெய் உள்ளே நுழையவே முடியாத அளவுக்குக் கேஸ் ஏறியிருக்கலாம். எண்ணெய்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கேஸ் கிட் மாட்டிப் படித்தால்தான் எது என்று சொல்ல முடியும்.

ஒவ்வொரு மிதிக்கும் சார்ஜிங் வால்வ் வேலை செய்கிறது

பெடலைத் தொட்டாலே பம்ப் சத்தம் மாறுகிறது, சில விநாடியில் பழையபடி ஆகிறது, மறுபடி தொட்டால் மறுபடி. நல்ல அக்குமுலேட்டர் உள்ள வண்டியில் சில மிதிகளுக்கு ஒருமுறைதான் சார்ஜிங் வால்வ் உள்ளே வரும். இதுவும் மேலே சொன்ன கோளாறின் இன்னொரு முகம், பார்க்கும் முறையும் அதேதான். ஒரு துணைக்குறிப்பு: ஸ்டார்ட் செய்த உடனே, நொடியில் விளக்கு அணைந்துவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம். காலியாக இருந்த அக்குமுலேட்டர் நிரம்பக் கொஞ்ச நேரம் எடுக்க வேண்டும்.

விளக்கும் பிரேக்கும் ஒரே நேரத்தில் போகின்றன

"விளக்கு எரிஞ்சுது, அடுத்த மிதிக்கு பெடல்ல ஒண்ணுமே இல்ல" என்று ஆபரேட்டர் சொன்னால், கேஸ் அதிகம் என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன், அதுவும் போன சர்வீஸில் யாரோ ஏற்றியிருந்தால். மேலே போட்ட கணக்கில் 110 பார் உதாரணம் இதுதான். கிட் மாட்டி, எண்ணெய் பூஜ்யமாக இருக்கும்போது படித்து, கூடுதலானதைக் கிட்டில் கேஸை வெளியே விடும் பிளீட் வால்வ் வழியே மெதுவாக வெளியேற்றுங்கள். ஷெட் கதவைத் திறந்து வையுங்கள். நைட்ரஜனுக்கு மணம் கிடையாது, சர்வீஸ் குழிக்குள் நிற்கிறவருக்கு மூச்சுக்காற்று குறைவது தெரியவே தெரியாது.

அலகு குழப்பத்தாலும் இது நடக்கும். மேனுவல் மெகாபாஸ்கலில் (MPa) போட்டிருக்கும், கேஜ் பிஎஸ்ஐயில் (psi) இருக்கும். 1 மெகாபாஸ்கல் என்பது 10 பார், 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. எண்ணை மாற்றி, காகிதத்தில் எழுதி, கேஜின் கண்ணாடியில் அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

மிதிக்காமலேயே அழுத்தம் இறங்குகிறது

இஞ்சினை நிறுத்தி, பெடலைத் தொடாமல், கேஜை மட்டும் பாருங்கள். முள் தானாக இறங்கினால் கேஸை விட்டுவிட்டு எண்ணெய் எங்கே போகிறது என்று தேடுங்கள். (உருளை ஆறும்போது கொஞ்சம் இறங்குவது இயல்பு, அதைக் கசிவு என்று நினைக்க வேண்டாம்.) வழக்கமான இடங்கள் இரண்டு: சார்ஜிங் வால்வின் செக் வால்வ் (எண்ணெயை ஒரு திசையில் மட்டும் விடுவது), பெடல் வால்வின் ஸ்பூல் (உள்ளே நகரும் தண்டு). அழுத்தத்தை இறக்கிவிட்டு, பெடல் வால்வின் டேங்க் ரிட்டர்ன் லைனைக் கழற்றி, டேங்க் பக்கத்தை அடைத்து, வால்வ் பக்கம் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். பெடலைத் தொடாமலேயே எண்ணெய் ஓடினால் குற்றவாளி பெடல் வால்வ். அங்கே காய்ந்திருந்தால் செக் வால்வைப் பாருங்கள்.

மிதித்துப் பிடித்திருக்கும்போது மட்டும் இறங்கினால் விஷயம் வேறு, பிரேக் பிஸ்டன் சீல் வரை போகலாம். எண்ணெயில் மூழ்கிய டிஸ்க் உள்ள ஆக்ஸிலில் அந்தக் கசிவு வெளியே தெரியாது. ஆக்ஸில் எண்ணெய் மட்டம் ஏறியிருக்கிறதா, பிரீதர் (ஆக்ஸிலின் காற்றுத் துளை) வழியே எண்ணெய் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிக்கசிவைக் கை வைத்துத் தடவித் தேடவே கூடாது. ஊசி மாதிரி வரும் எண்ணெய் தோலுக்குள் போய்விடும், வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அவ்வளவு இருக்காது, ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

விளக்கு அணைய அதிக நேரம் எடுக்கிறது

அக்குமுலேட்டர் மேல் பழி போடாதீர்கள். டேங்க் எண்ணெய் மட்டம், அடைத்த ஸ்ட்ரெய்னர் (உறிஞ்சும் பக்க வடிகட்டி), தேய்ந்த பம்ப், ஒட்டிக்கொண்ட சார்ஜிங் வால்வ், இந்த வரிசையில் பாருங்கள். கேஜில் அழுத்தம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் பிரஷர் ஸ்விட்ச் அல்லது வயர்.

கேஸ் வால்வில் எண்ணெய் வருகிறது, அல்லது டேங்கில் நுரை

கேஸ் வால்வின் மூடியைக் கழற்றி, கிட் மாட்டி, பிளீட்டைத் துளி திறக்கும்போது நைட்ரஜனோடு எண்ணெய் தெறித்தால் நடுத்தடுப்பு போய்விட்டது. பிஸ்டன் வகையில், அசெம்ப்ளியின்போது பூசிய எண்ணெய் மெல்லிய படலமாக வருவதை இதோடு சேர்க்க வேண்டாம், ஒழுகும் அளவுக்கு வருவதைச் சொல்கிறேன். இதற்கு மேல் கேஸ் ஏற்றுவது வீண். பிஸ்டன் வகைக்கு சீல் கிட், உட்சுவரில் கீறல் இருந்தால் புதிய உருளை. பை வகைக்குப் புதிய பை. டயஃப்ரம் வகையில் பற்றவைத்து மூடிய உருளை என்றால் முழுதாக மாற்றுவதுதான்.

கசிவு எதிர்த்திசையிலும் நடக்கும். நைட்ரஜன் எண்ணெய்க்குள் கலந்தால் டேங்கில் நுரை பொங்கும், பெடல் பஞ்சு போல ஆகும், பிரேக்கில் காற்று எடுத்தால் ஒன்றிரண்டு ஷிஃப்ட் நன்றாக இருந்துவிட்டு மறுபடி பழைய கதை. காற்று எடுத்தும் எடுத்தும் தீரவில்லை என்றால் அக்குமுலேட்டரைச் சந்தேகப்படுங்கள்.

நைட்ரஜன் ஏற்றும் முறை

அளந்தாயிற்று, கேஸ்தான் குறைவு, எண்ணெய் வரவில்லை என்று உறுதியானால் மட்டும் இங்கே வாருங்கள். எண்ணெய் அழுத்தம் பூஜ்யம் என்பதை மறுபடி ஒருமுறை பாருங்கள். எண்ணெய் உள்ளே நின்றுகொண்டிருக்கும்போது கேஸ் பக்கம் காட்டுவது ப்ரீசார்ஜ் அல்ல, வெறும் எண்ணெய் அழுத்தத்தின் நிழல்.

கேஸ் வால்வைச் சுற்றி மண்ணைத் துடைத்து மூடியைக் கழற்றுங்கள். கிட்டின் டி-கைப்பிடியை முழுக்க வெளியே திருப்பி, பிளீட் வால்வை மூடி, கையாலேயே வால்வ் மேல் மாட்டுங்கள். பிறகு கைப்பிடியை உள்ளே திருப்பினால் வால்வ் ஊசி அழுந்தி கேஜ் எண்ணைக் காட்டும். அந்த எண்ணோடு உருளையின் வெப்பநிலையையும் எழுதுங்கள். ஒவ்வொரு முறை மாட்டிக் கழற்றும்போதும் ஹோஸ் நிரம்பும் அளவுக்குக் கேஸ் போகும் என்பதால், சும்மா "செக்" பண்ணுகிறேன் என்று அடிக்கடி மாட்டுவது சின்ன அக்குமுலேட்டரில் கேஸைக் குறைத்துவிடும்.

சிலிண்டரில் ரெகுலேட்டர் கட்டாயம். நம் ஊரில் நிரம்பிய நைட்ரஜன் சிலிண்டர் 150 பார் பக்கத்தில் வரும், ரெகுலேட்டர் இல்லாமல் நேராக இணைத்தால் சின்ன கேஜ் வெடித்து முகத்தில் அடிக்கும். ரெகுலேட்டர் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்திவிட்டு, பக்கவாட்டில் நின்றுகொண்டு சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறங்கள். தேவையான எண்ணுக்குக் கொஞ்சம் மேலே ரெகுலேட்டரை வைத்து, துளித்துளியாக விடுங்கள். பை வகையில் இந்த ஆரம்பம்தான் முக்கியம்: வேகமாகக் கேஸ் விட்டால் பை கீழே இறங்கி எண்ணெய் வாயில் இருக்கும் பாப்பெட்டில் (வாயை மூடும் சிறு வால்வ்) சிக்கிக் கிழியும். புதுப் பை என்றால் முதலில் எண்ணெய்ப் பக்கம் கொஞ்சம் சுத்தமான ஹைட்ராலிக் எண்ணெயை ஊற்றிச் சுவரை நனைத்துவிடுங்கள்.

ஏற்றி முடித்ததும் மூடிவிட்டு 10, 15 நிமிடம் டீ குடித்துவிட்டு வாருங்கள். ஏற்றும்போது கேஸ் சூடாகி இருக்கும், ஆறினதும் அழுத்தம் இறங்கும். அப்புறம்தான் வெப்பநிலைத் திருத்தம். மேனுவலில் ப்ரீசார்ஜோடு ஒரு வெப்பநிலையும் போட்டிருக்கும், அது எத்தனை டிகிரி என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுக்காதீர்கள். 20 டிகிரிக்கு 60 பார் என்று இருந்தால் 40 டிகிரியில் கேஜ் 64 பார் காட்ட வேண்டும், உருளை 70 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தால் 70 பார். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் சித்திரை வெயிலில் நின்ற வண்டிக்கு 60 என்று ஏற்றினால் உண்மையில் குறைத்துத்தான் ஏற்றியிருக்கிறீர்கள். முடிந்தால் காலை வேளையில், வண்டி ஓடுவதற்கு முன் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

எண் சரியானதும் கைப்பிடியை வெளியே திருப்பி, ஹோஸில் இருப்பதை பிளீட் செய்து, கிட்டைக் கழற்றி, வால்வில் சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் ஊசியை மாற்ற வேண்டும், ஆனால் அதற்கு முன் உள்ளே இருக்கும் கேஸ் முழுவதும் வெளியேற வேண்டும். பஞ்சர் கடையில் கிடைக்கும் டயர் ஊசி பார்க்க அப்படியே இருக்கும், மரையும் ஏறும். அது டயர் அழுத்தத்துக்குச் செய்தது, இந்த இடத்தில் போடவே கூடாது. உலோக மூடியையும் அதன் சீலோடு மறக்காமல் மாட்டுங்கள், அது தூசிக்கு மட்டும் அல்ல, இரண்டாவது அடைப்பும் அதுதான்.

பிறகு முதலில் செய்த கேஜ் சோதனையை மறுபடி செய்து, முள் எங்கே விழுகிறது என்று பாருங்கள். இஞ்சின் நின்ற நிலையில் எத்தனை மிதிக்கு விளக்கு எரிகிறது என்று எண்ணி மேனுவலோடு ஒப்பிட்டு, ப்ரீசார்ஜ், வெப்பநிலை, தேதி மூன்றையும் லாக் புக்கில் எழுதுங்கள். அடுத்த சர்வீஸில் 5 பார் குறைந்திருந்தால் அது மெதுவான இயல்பான இழப்பா, புதிய கசிவா என்று சொல்ல இந்த ஒரு வரிதான் உதவும்.

கழற்ற வேண்டி வந்தால்

எண்ணெய் பூஜ்யம், கேஸ் பூஜ்யம், இரண்டும் ஆன பிறகுதான் எந்த போல்ட்டும். கேஸ் வால்வ் உடலையே தளர்த்திக் கேஸை விடுவது சிலருக்குப் பழக்கம், கடைசி மரையில் அது தோட்டாவாகப் பறக்கும். பிஸ்டன் நடுவில் சிக்கியிருந்தாலோ கேஸ் வால்வ் அடைத்திருந்தாலோ கேஜ் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே அழுத்தம் இருக்கலாம், அதனால் எண்ட் கேப்பைத் தளர்த்திய பிறகு கையால் லேசாகச் சுற்றவில்லை என்றால் குழாய் போட்டுத் திருப்பாமல் நிறுத்திவிடுங்கள். உருளையில் பற்றவைப்பு, கிரைண்டிங், பிராக்கெட் ஒட்டுவது எதுவும் கிடையாது.

பழசைக் காயலான் கடைக்கு அனுப்பும்போது கேஸை முழுக்க விட்டு, வால்வைக் கழற்றி எடுத்துவிட்டு, வெறும் ஓட்டையோடு அனுப்புங்கள். அங்கே கட்டிங் டார்ச் பிடிக்கிறவருக்கு அது வெறும் இரும்புக் குழாயாகத்தான் தெரியும்.